அத்தியாயம் 7: வரி பூஜ்யம், படிவம் கட்டாயம் – அமெரிக்க எல்.எல்.சி. நடத்தும் வெளிநாட்டவருக்கான எண்களும் கெடுக்களும்

வயோமிங், டெலவேர், நியூ மெக்சிகோ போன்ற அமெரிக்க மாநிலங்களில் எல்.எல்.சி. எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி ஒன்றைப் பதிவு செய்ய அமெரிக்கக் குடியுரிமை வேண்டாம், விசா வேண்டாம், அங்கே ஒருமுறை போய் வரக்கூடத் தேவையில்லை. கோவையிலோ மதுரையிலோ உட்கார்ந்தபடியே வேலையை முடித்துவிடலாம். மென்பொருள் விற்பவர்கள், டிசைனர்கள், ஆலோசகர்கள், ஆன்லைனில் பாடம் நடத்துபவர்கள் என்று பலரும் டாலரில் பணம் வாங்க இந்த வழியைப் பிடிக்கிறார்கள்.

பதிவு செய்து தரும் இணையச் சேவைகள் இவர்களிடம் சொல்லும் கவர்ச்சியான வாக்கியம், "அமெரிக்காவில் உங்களுக்கு வரியே கிடையாது" என்பது. பலருக்கு அது உண்மைதான். ஆனால் வரி கட்டுவது ஒரு கடமை, கணக்குக் காட்டுவது வேறொரு கடமை. முதல் கடமை இல்லாதவருக்கும் இரண்டாவது இருக்கும். ஒரு டாலர்கூட வரிபாக்கி இல்லாத எல்.எல்.சி.க்கு, ஒரு படிவத்தை அனுப்பாத குற்றத்துக்காக 25,000 டாலர் அபராதம் போட அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு அதிகாரம் உண்டு. ஆயிரம் டாலர் போட்டு ஆரம்பித்த தொழிலில் அது முதலுக்கே மோசம்.

அந்த நிலை வராமல் இருக்க எந்த எண் வேண்டும், எந்தப் படிவம் வேண்டும், எப்போது அனுப்ப வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் வரிசையாகச் சொல்கிறது.

1. முதலில் உங்கள் கம்பெனி எந்த வகை என்று பாருங்கள்

கடமைகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தவை.

*ஒரே உரிமையாளர் உள்ள எல்.எல்.சி.:* நீங்களாக வேறு விதமாகத் தேர்வு செய்யாத வரை, வருமான வரியைப் பொறுத்தமட்டில் ஐ.ஆர்.எஸ். இந்தக் கம்பெனியைத் தனி ஆளாகப் பார்ப்பதில்லை. கம்பெனியின் வருமானம் உரிமையாளரின் வருமானம். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி இவர்களுக்கானது.

*இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உரிமையாளர்கள் உள்ள எல்.எல்.சி.:* இது கூட்டு நிறுவனமாகக் கருதப்படும். படிவம் 1065, ஒவ்வொரு பங்காளிக்கும் கே-1 என்று பாதையே வேறு. காலண்டர் ஆண்டுக் கணக்கு என்றால் கெடு மார்ச் 15. பெயருக்கு மனைவியையோ தம்பியையோ இரண்டாவது உறுப்பினராகச் சேர்த்தவர்கள், தாங்கள் இந்த வகைக்கு மாறிவிட்டதை உணராமலே இருப்பதுண்டு.

*கார்ப்பரேஷன்:* முதலீட்டாளர்களிடம் பணம் திரட்ட நினைப்பவர்கள் டெலவேரில் தொடங்குவது. இது லாபத்துக்கு 21 சதவீதம் கூட்டாட்சி வரி கட்டும். முழுமையான படிவம் 1120 தாக்கல் செய்யும். வெளிநாட்டவர் ஒருவரிடம் 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்து, அவரோடு அல்லது அவருடைய பிற நிறுவனங்களோடு கொடுக்கல் வாங்கல் நடந்திருந்தால் அதைத் தெரிவிக்கும் படிவம் 5472-ஐயும் சேர்த்து அனுப்பும்.

2. நான்கு எண்கள், நான்கு வேலைகள்

புதிதாக வருபவர்களைக் குழப்புவது படிவங்களைவிட எண்கள்தான். எந்த எண் யாருடையது என்று தெளிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

*இ.ஐ.என்.:* கம்பெனியின் எண். ஒன்பது இலக்கம், இரண்டு இலக்கத்துக்குப் பிறகு ஒரு சிறு கோடு. விரிவான பெயர் 'முதலாளி அடையாள எண்' என்றாலும் ஊழியர் யாரும் இல்லாத கம்பெனிக்கும் இது வேண்டும். வங்கிக் கணக்கு திறக்க, பணப் பரிமாற்றச் சேவைகளில் சேர, படிவம் 5472 அனுப்ப என்று எல்லாவற்றுக்கும் இதுவே ஆதாரம்.

*ஐ.டி.ஐ.என்.:* தனி மனிதரின் எண். அமெரிக்கச் சோஷியல் செக்யூரிட்டி எண் பெறத் தகுதியில்லாதவர்களுக்கு ஐ.ஆர்.எஸ். தருவது. இதுவும் ஒன்பது இலக்கம், 9-ல் தொடங்கும். டபிள்யூ-7 என்ற படிவத்தோடு பாஸ்போர்ட்டை, அல்லது அதை வழங்கிய அதிகாரம் சான்றளித்த நகலை அனுப்ப வேண்டும். அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் விட மனமில்லாதவர்கள், ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த ஏஜென்ட் ஒருவர் வழியாகச் சரிபார்த்து அனுப்பலாம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் எந்த ரிட்டர்னிலும் பயன்படுத்தாவிட்டால் இந்த எண் காலாவதியாகிவிடும்.

இ.ஐ.என். பெற ஐ.டி.ஐ.என். தேவையில்லை. படிவம் 5472-க்கும் தேவையில்லை. உங்கள் பெயரில் அமெரிக்க வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டிய நிலை வந்தால்தான் தேவை. "முதலில் ஐ.டி.ஐ.என். எடுத்தால்தான் மற்றதெல்லாம்" என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம், எந்தப் படிவத்துக்காக என்று திருப்பிக் கேளுங்கள்.

*உங்கள் நாட்டு வரி எண்:* இந்தியர்களுக்கு பேன். படிவம் 5472-லும், பின்னால் வரும் டபிள்யூ-8 பென் படிவத்திலும் 'வெளிநாட்டு வரி அடையாள எண்' என்று கேட்கும் இடத்தில் இதை எழுத வேண்டும்.

*குறிப்பு எண்:* இது யாரும் தருவதில்லை, நீங்களே வைத்துக்கொள்வது. அமெரிக்க எண் இல்லாத உரிமையாளரைப் படிவம் 5472-ல் அடையாளம் காட்ட எழுத்தும் இலக்கமும் சேர்ந்த ஒரு குறியீட்டை உருவாக்கி எழுத வேண்டும். உரிமையாளர் 1 என்பதைக் குறிக்கும்படி எளிமையாக ஒன்று போதும். ஒருமுறை வைத்ததை ஆண்டுதோறும் அப்படியே பயன்படுத்த வேண்டும். முதல் ஆண்டு எழுதியதை மறந்து அடுத்த ஆண்டு புதிதாக ஒன்றை எழுதினால், ஐ.ஆர்.எஸ். பார்வையில் அது வேறொரு ஆள்.

3. இ.ஐ.என். வாங்குவது எப்படி

விண்ணப்பப் படிவத்தின் பெயர் எஸ்.எஸ்.-4. கட்டணம் எதுவும் இல்லை. ஐ.ஆர்.எஸ். தளத்தில் ஆன்லைனில் உடனே எண் தரும் வசதி, பொறுப்பாளரிடம் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ ஐ.டி.ஐ.என்.னோ இருந்தால்தான் வேலை செய்யும். இரண்டும் இல்லாதவருக்கு ஃபேக்ஸ் அல்லது தபால். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து அனுப்ப வேண்டிய ஃபேக்ஸ் எண் 304-707-9471. ஆன்லைன் ஃபேக்ஸ் சேவை ஒன்றில் சந்தா எடுத்துக்கொண்டால் போதும். பதிலும் அந்தச் சேவையில் உங்களுக்குக் கிடைத்த ஃபேக்ஸ் எண்ணுக்கே வரும். அதனால் பதில் வரும் வரை சந்தாவை ரத்து செய்துவிடாதீர்கள்.

படிவம் ஒரு பக்கம்தான். பிழை நேரும் வரிகள் இவை:

- வரி 1: கம்பெனியின் பெயர். மாநிலம் தந்த பதிவுச் சான்றில் உள்ளபடி, எழுத்து பிசகாமல்.
- வரி 7ஏ: பொறுப்பாளர். கம்பெனியின் பணத்தையும் சொத்தையும் உண்மையில் கட்டுப்படுத்தும் மனிதர். இங்கே இன்னொரு கம்பெனியின் பெயரை எழுதக் கூடாது. பதிவு செய்து கொடுத்த ஏஜென்டின் பெயரும் வரக் கூடாது.
- வரி 7பி: பொறுப்பாளரின் அமெரிக்க எண். இல்லாதவர்கள் 'ஃபாரின்' என்று ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கம். வெற்றாக விட்டால், எழுத மறந்ததாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.
- வரிகள் 8ஏ முதல் 8சி வரை: எல்.எல்.சி.யா, எத்தனை உறுப்பினர், அமெரிக்காவில் அமைக்கப்பட்டதா என்ற கேள்விகள். ஆம், 1, ஆம்.
- வரி 9ஏ: கம்பெனியின் வகை. 'மற்றவை' என்பதைத் தேர்ந்து, வெளிநாட்டவருக்குச் சொந்தமான, தனியாகக் கருதப்படாத அமெரிக்க நிறுவனம் – படிவம் 5472 என்ற பொருள்தரும் சொற்றொடரை, ஐ.ஆர்.எஸ். வழிகாட்டிக் குறிப்பில் உள்ளபடியே எடுத்து எழுத வேண்டும். இங்கே 'கார்ப்பரேஷன்' பெட்டியில் டிக் செய்துவிட்டால், கம்பெனி ஏன் முழு 1120 தாக்கல் செய்யவில்லை என்று பின்னால் கடிதம் வரும்.
- வரி 13: ஊழியர் எண்ணிக்கை. யாரும் இல்லையென்றால் மூன்று கட்டத்திலும் பூஜ்யம்.

எண் ஒதுக்கப்பட்டதும் சி.பி. 575 என்ற கடிதம் வரும். இதை ஸ்கேன் செய்து இரண்டு மூன்று இடங்களில் பத்திரப்படுத்துங்கள். தொலைந்துபோனால் அதே கடிதம் மறுபடி வராது. கேட்டால் 147சி என்ற உறுதிக் கடிதம் தருவார்கள். வங்கிகள் பொதுவாக இந்த இரண்டில் ஒன்றைக் கேட்கும்.

பொறுப்பாளர் மாறினால் 60 நாட்களுக்குள் படிவம் 8822-பி மூலம் தெரிவிக்க வேண்டும். முகவரி மாற்றத்துக்கும் அதே படிவம்தான். ஐ.ஆர்.எஸ். நோட்டீஸ் பழைய ஏஜென்டின் முகவரிக்குப் போய்க் குப்பையில் விழுவதைத் தடுக்க இதைத் தவிர வேறு வழியில்லை.

4. டபிள்யூ-9 கேட்டால் என்ன செய்வது

அமெரிக்க வாடிக்கையாளர்கள் பணம் அனுப்பும் முன் டபிள்யூ-9 படிவம் கேட்பார்கள். கம்பெனி அமெரிக்காவில் பதிவானது, இ.ஐ.என். இருக்கிறது என்பதால் பலர் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். டபிள்யூ-9 என்பது, பொய்யுரைத்தால் தண்டனை உண்டு என்ற எச்சரிக்கையோடு, "நான் வரிச் சட்டப்படி அமெரிக்கர்" என்று தரும் உறுதிமொழி. ஒரே உரிமையாளர் உள்ள எல்.எல்.சி.யில் இந்தப் படிவத்துக்கு உரியவர் கம்பெனி அல்ல, நீங்கள். ஆகவே நீங்கள் தர வேண்டியது உங்கள் பெயரில் டபிள்யூ-8 பென்.

அந்தப் படிவத்தில் வரி ஒப்பந்தச் சலுகை கோரும் பகுதி ஒன்று உண்டு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அமெரிக்காவோடு வருமான வரி ஒப்பந்தம் உள்ளது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அப்படி விரிவான ஒப்பந்தம் இல்லை. அங்கே வசிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தொட வேண்டாம். ஒப்பந்தம் என்பது பாஸ்போர்ட்டை வைத்து அல்ல, எந்த நாட்டில் வரிக்கு உரியவராக வசிக்கிறீர்கள் என்பதை வைத்து.

5. படிவம் 5472: இந்த அத்தியாயத்தின் நடுப்புள்ளி

2016 டிசம்பரில் வந்த விதி ஒன்று, வெளிநாட்டவர் ஒருவருக்கு முழுதும் சொந்தமான அமெரிக்க எல்.எல்.சி.யை ஒரே ஒரு விஷயத்துக்காக மட்டும் கார்ப்பரேஷனாகக் கருதச் சொன்னது. அந்த விஷயம், உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் இடையே நடந்த பணப் போக்குவரத்தைத் தெரிவிப்பது. 2017-ல் தொடங்கிய வரி ஆண்டுகளிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. அதற்கு முன்புவரை இப்படிப்பட்ட கம்பெனி ஒன்றின் பின்னால் யார் இருக்கிறார் என்று ஐ.ஆர்.எஸ்.ஸுக்குத் தெரியவே வழியில்லை. ஓட்டையை அடைத்த விதி இது. வரி வசூலுக்கு வந்ததல்ல.

*எவையெல்லாம் தெரிவிக்க வேண்டியவை?*

நீங்கள் கம்பெனிக்குள் போட்ட பணம், கம்பெனியிலிருந்து எடுத்த பணம், இரு பக்கமும் கொடுத்த கடன், கம்பெனியைத் தொடங்கவும் மூடவும் ஆன செலவு ஆகியவை. சிறிய தொகைக்கு விலக்கு இல்லை.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். கோவையில் இருக்கும் ஒரு டிசைனர் 2024 மார்ச்சில் வயோமிங்கில் எல்.எல்.சி. தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டில் நடந்தவை:

- பதிவுச் சேவைக்குத் தன் சொந்தக் கார்டில் கட்டியது: 300 டாலர்
- கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியது: 1,000 டாலர்
- வாடிக்கையாளர்களிடமிருந்து கம்பெனிக்கு வந்தது: 18,400 டாலர்
- மென்பொருள் சந்தாக்களுக்குக் கம்பெனி கட்டியது: 900 டாலர்
- தன் இந்திய வங்கிக் கணக்குக்கு எடுத்தது: 15,000 டாலர்

இவற்றில் 300, 1,000, 15,000 ஆகிய மூன்றும் படிவத்துக்குப் போக வேண்டியவை. வாடிக்கையாளர் தந்த 18,400-ம் சந்தாவுக்குப் போன 900-ம் வெளியாரோடு நடந்தவை. அவற்றுக்குப் படிவம் 5472-ல் வேலையில்லை. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வருமானத்தை எழுதிவிட்டு, தான் எடுத்த பணத்தை விட்டுவிடுகிறார்கள். சொந்தக் கார்டில் கட்டிய அந்த 300 டாலர் கம்பெனியின் ஸ்டேட்மென்டில் தெரியவே தெரியாது என்பதால் அதுவும் விடுபட்டுப்போகிறது. வியாபாரமே நடக்காத முதல் ஆண்டிலும் படிவம் கட்டாயமாவது பெரும்பாலும் இந்தத் தொடக்கச் செலவால்தான்.

உங்களுக்கு இந்தியாவில் ஒரு பிரைவேட் லிமிடெட் இருந்து, அது இந்த எல்.எல்.சி.க்கு வேலை செய்து பில் போடுகிறது என்றால், அந்தக் கம்பெனிக்கென்று தனியாக இன்னொரு 5472 வேண்டும். ஒரு தொடர்புடைய தரப்புக்கு ஒரு படிவம். இந்தியாவிலும் அது டிரான்ஸ்ஃபர் பிரைசிங் விதிகளுக்குள் வரக்கூடும். உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

*என்னென்ன சேர்த்து அனுப்புவது?*

மூன்று தாள் தொகுதிகள்.

ஒன்று, முகப்பாக ஒரு படிவம் 1120. இதை முழுதாக நிரப்பக் கூடாது. பெயர், முகவரி, 'பி' கட்டத்தில் இ.ஐ.என்., 'இ' கட்டத்தில் இது முதல் ரிட்டர்னா கடைசி ரிட்டர்னா, பெயரோ முகவரியோ மாறியதா என்ற டிக்குகள். அவ்வளவுதான். தாளின் தலையில், இது வெளிநாட்டவருக்குச் சொந்தமான நிறுவனம் என்று காட்டும் சொற்றொடரை வழிகாட்டிக் குறிப்பில் உள்ளபடி எழுத வேண்டும். வருமானக் கட்டங்களில் எண்களைப் போட்டீர்களானால் அது நிஜமான கார்ப்பரேஷன் ரிட்டர்ன் போலத் தோன்றும்.

இரண்டு, படிவம் 5472. முதல் பகுதியில் கம்பெனி விவரம். அதன் 3-ஆம் வரியில், வெளிநாட்டவருக்குச் சொந்தமான நிறுவனம் என்ற பெட்டியில் டிக் செய்ய மறக்கக் கூடாது. இரண்டாம் பகுதியில் உரிமையாளர், மூன்றாம் பகுதியில் தொடர்புடைய தரப்பு. தனி ஒருவர் நடத்தும் கம்பெனியில் இரண்டிலும் உங்கள் பெயரே வரும். ஒரே ஆள்தானே என்று மூன்றாம் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

மூன்று, ஐந்தாம் பகுதிக்கான இணைப்பு. உரிமையாளர் போட்டது, எடுத்தது, தொடக்கச் செலவு ஆகியவற்றைப் படிவத்தில் எழுதப் போதிய கட்டங்கள் இல்லை. தனித்தாளில் எழுதி இணைக்கச் சொல்கிறார்கள். மேலே கம்பெனியின் பெயர், இ.ஐ.என்., ஆண்டு. கீழே தேதி, விவரம், தொகை என்று மூன்று பத்தி உள்ள ஓர் அட்டவணை போதும்.

6. எங்கே, எப்போது, எப்படி அனுப்புவது

இந்தத் தொகுதியை ஆன்லைனில் தாக்கல் செய்ய முடியாது. சாதாரண 1120 போகும் முகவரிக்கும் போகாது. 855-887-7737 என்ற ஃபேக்ஸ் எண்ணுக்கு அனுப்பலாம். அல்லது யூட்டா மாநிலம் ஆக்டன் நகரில் இதற்கென்றே உள்ள 'பின் யூனிட்' பிரிவுக்குத் தபாலில் அனுப்பலாம். அனுப்பும் முன் அந்த ஆண்டின் 5472 வழிகாட்டிக் குறிப்பைத் திறந்து எண்ணும் முகவரியும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபேக்ஸ் போனதும் எத்தனை பக்கம், எந்த நேரம் என்று காட்டும் ஒரு உறுதித்தாள் வரும். ஐ.ஆர்.எஸ்.ஸிடமிருந்து வேறு ரசீது எதையும் எதிர்பார்க்காதீர்கள். நாளை கேள்வி வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள். அனுப்பிய படிவத்தோடு சேர்த்து பி.டி.எஃப். ஆக வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு ஏப்ரல் 15. இங்கே இந்தியர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. நமக்குப் பழக்கமான ஏப்ரல்–மார்ச் நிதியாண்டு இதற்குப் பொருந்தாது. உரிமையாளருக்கு அமெரிக்காவில் வேறு ரிட்டர்ன் கடமை இல்லையென்றால் கம்பெனியின் ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரைதான். 2025 டிசம்பர் 20-ல் தொடங்கிய கம்பெனிக்கு முதல் ஆண்டு 12 நாள்தான். ஆனாலும் 2026 ஏப்ரல் 15-ல் படிவம் போக வேண்டும்.

அவகாசம் வேண்டுமென்றால் ஏப்ரல் 15-க்குள் படிவம் 7004-ஐ அதே ஃபேக்ஸ் எண்ணுக்கு அனுப்பினால் ஆறு மாதம் கிடைக்கும். அக்டோபர் 15 வரை. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.

7. தவறவிட்டால்

அபராதம் ஒரு ஆண்டின் ஒரு படிவத்துக்கு 25,000 டாலர். முன்பு 10,000 ஆக இருந்ததை 2017-ன் வரிச் சட்டத் திருத்தம் இப்படி உயர்த்தியது. ஐ.ஆர்.எஸ். நோட்டீஸ் அனுப்பி 90 நாள் கழிந்தும் அசையாமல் இருந்தால் ஒவ்வொரு 30 நாளுக்கும் மேலும் 25,000 ஏறும். படிவத்தை அனுப்பினாலும் முக்கிய விவரங்கள் இல்லாமல் அரைகுறையாக அனுப்பினால், அனுப்பாததற்குச் சமம். கணக்குப் பதிவேடுகளைப் பராமரிக்காவிட்டாலும் இதே அபராதம். பெரிய கார்ப்பரேஷன்களின் உலகில் சிறியவர்களுக்குத் தரப்படும் பதிவேட்டு விலக்கு, ஒரே வெளிநாட்டவருக்குச் சொந்தமான எல்.எல்.சி.க்குக் கிடையாது.

ஏற்கெனவே ஓரிரு ஆண்டுகள் விடுபட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருப்பது மிக மோசமான தேர்வு. விடுபட்ட ஆண்டுகளுக்கு அந்தந்த ஆண்டின் படிவத்தையே நிரப்பி, தாமதத்துக்கான நியாயமான காரணத்தை விளக்கும் கடிதத்தையும் இணைத்து அனுப்புவதுதான் வழி. அபராதம் தானாக நீங்கிவிடும் என்ற உறுதி இதில் இல்லை. கேட்கும் முன் நீங்களாக வந்தீர்கள் என்பது கடிதத்துக்கு வலு சேர்க்கும். இந்தக் கடிதத்தை மட்டும் நீங்களே எழுத வேண்டாம். இத்துறையில் பழகிய அமெரிக்க சி.பி.ஏ. அல்லது வரி வழக்கறிஞர் எழுதட்டும்.

8. உண்மையிலேயே வரி வருவது எப்போது

வேலை எங்கே நடந்தது என்பதே அடிப்படை. நீங்கள் இந்தியாவில் உட்கார்ந்து செய்த சேவைக்கு வந்த பணம், வாடிக்கையாளர் நியூயார்க்கில் இருந்தாலும், அமெரிக்காவில் எழுந்த வருமானம் ஆகாது. அமெரிக்காவில் அலுவலகம், ஊழியர், உங்கள் சார்பில் ஒப்பந்தம் செய்யும் ஏஜென்ட் ஆகியவை இல்லாத, சேவை மட்டும் தரும் கம்பெனிக்கு அங்கே வரி இல்லை என்பது இதனால்தான்.

இந்த நிலை மாறும் இடங்கள்:

- நீங்களே அமெரிக்கா போய், அங்கிருந்து வேலை செய்தால்
- அங்கே ஒரு ஊழியரை வைத்தால்
- சரக்கை அமெரிக்கக் கிடங்கில் வைத்து விற்றால்

மூன்றாவதில் சட்டக் கருத்துகள் ஒருமாதிரி இல்லை. அமேசான் கிடங்கில் சரக்கு வைத்திருப்பவர்கள் இந்த அத்தியாயத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. அமெரிக்கத் தொழிலோடு தொடர்புள்ள வருமானம் இருந்தால் நீங்கள் உங்கள் பெயரில் 1040-என்.ஆர். என்ற வருமான வரி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும், ஐ.டி.ஐ.என். அப்போதுதான் வேண்டும். அதை மிகவும் தாமதப்படுத்தினால் செலவுகளைக் கழிக்கும் உரிமையே போய், மொத்த வருமானத்துக்கும் வரி கட்ட நேரிடும்.

விற்பனை வரி இதற்கெல்லாம் தனி. அது மாநிலங்களின் விவகாரம். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேஃபேர் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, மாநிலத்தில் கடையோ ஆளோ இல்லாமலே விற்பவரிடமும் விற்பனை வரியை வசூலித்துக் கட்டச் சொல்ல மாநிலங்களுக்கு முடிகிறது. டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் இணையவழி மென்பொருளுக்கும் இந்த வரியைப் போடுகின்றன.

9. மாநிலத்துக்குச் செலுத்த வேண்டியவை

வயோமிங்: ஆண்டறிக்கையும் குறைந்தது 60 டாலர் கட்டணமும். கம்பெனி தொடங்கிய மாதத்தின் முதல் தேதி கெடு.

டெலவேர் எல்.எல்.சி.: ஆண்டறிக்கை இல்லை, ஜூன் 1-க்குள் 300 டாலர்.

டெலவேர் கார்ப்பரேஷன்: மார்ச் 1-க்குள் ஆண்டறிக்கையும் ஃபிரான்சைஸ் வரியும். ஒரு கோடி பங்குகளை அங்கீகரித்து வைத்திருக்கும் புதிய கம்பெனிக்கு 85,165 டாலர் என்று நோட்டீஸ் வந்து தூக்கம் கெட்டவர்கள் உண்டு. அது பங்கு எண்ணிக்கையை வைத்துப் போட்ட கணக்கு. சொத்து மதிப்பை வைத்துக் கணக்கிடும் மாற்று முறையைத் தேர்ந்தால், சிறு கம்பெனிக்கு அது குறைந்தபட்சமான 400 டாலருக்கு இறங்கிவிடும். அறிக்கைக் கட்டணம் தனி.

நியூ மெக்சிகோ எல்.எல்.சி.: மாநிலத்துக்கு ஆண்டறிக்கை இல்லை. இதை நம்பி ஐ.ஆர்.எஸ். படிவத்தையும் மறந்துவிடுபவர்கள் உண்டு. கூட்டாட்சிக் கடமைகள் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றே.

மாநிலத்தில் கம்பெனியின் சார்பில் அரசுக் கடிதங்களைப் பெறும் ரெஜிஸ்டர்டு ஏஜென்டுக்கு ஆண்டுச் சந்தா எல்லா மாநிலத்திலும் உண்டு.

10. பி.ஓ.ஐ. அறிக்கை: இப்போது என்ன நிலை

கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்று அமெரிக்க நிதித்துறையின் ஃபின்சென் அமைப்புக்குத் தெரிவிக்கும் பி.ஓ.ஐ. அறிக்கையைப் பற்றி 2024 முழுதும் பெரும் பரபரப்பு இருந்தது. 2025 மார்ச்சில் வந்த இடைக்கால விதி, அமெரிக்காவில் அமைக்கப்பட்ட கம்பெனிகளுக்கு விலக்கு அளித்துவிட்டது. உரிமையாளர் வெளிநாட்டவராக இருந்தாலும் வயோமிங்கிலோ டெலவேரிலோ அமைத்த எல்.எல்.சி. அமெரிக்கக் கம்பெனியே. வேறு நாட்டில் அமைத்து, அமெரிக்க மாநிலத்தில் தொழில் செய்யப் பதிவு செய்த நிறுவனங்களுக்குத்தான் கடமை தொடர்கிறது. இதற்காகப் பணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்கு மசிய வேண்டாம்.

11. இந்தியப் பக்கம்

அமெரிக்காவில் வரி இல்லை என்பதால் இந்தியாவிலும் இல்லை என்று ஆகாது. இந்தியாவில் உட்கார்ந்து சம்பாதித்தது இங்கே வரிக்கு உட்பட்டது. எல்.எல்.சி. வருமானத்தை ரிட்டர்னில் எந்தத் தலைப்பில், எந்த ஆண்டில் காட்டுவது என்பதை ஆடிட்டரோடு பேசி எழுத்தில் முடிவு செய்துகொண்டு, ஆண்டுதோறும் அதே வழியில் போங்கள்.

அதோடு இரண்டு விஷயங்கள்.

ஒன்று, ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணை. எல்.எல்.சி.யில் உங்கள் பங்கு, கையெழுத்து அதிகாரம் உள்ள வெளிநாட்டு வங்கிக் கணக்கு இரண்டையும் இங்கே காட்ட வேண்டும். இந்த அட்டவணை மட்டும் காலண்டர் ஆண்டுக் கணக்கில் போகும். காட்டாமல் விட்டால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் இந்த அபராதத்திலிருந்து விலக்கு. காட்டும் கடமையில் விலக்கு இல்லை.

இரண்டு, அன்னியச் செலாவணிச் சட்டமான ஃபெமா. வெளிநாட்டு எல்.எல்.சி.யில் போடும் மூலதனம் 2022-ன் வெளிநாட்டு முதலீட்டு விதிகளுக்குள் வருகிறது. ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற எல்.ஆர்.எஸ். (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் திட்டம்) வரம்புக்குள், வங்கி வழியாக, படிவம் எஃப்.சி. கொடுத்து, ரிசர்வ் வங்கி தரும் தனி அடையாள எண் பெற்று அனுப்ப வேண்டும். அதன்பின் ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை. சொந்தக் கார்டில் பதிவுக் கட்டணம் கட்டித் தொடங்கிவிட்டு, பிறகு வங்கிக்குப் போய் விழிப்பவர்கள் பலர். வங்கியின் அன்னியச் செலாவணிப் பிரிவை முதலில் பார்ப்பதே முறை.

12. மூடும்போது

பயன்படுத்தாத கம்பெனியைச் சந்தா கட்டாமல் விட்டுவிட்டால் மாநிலம் அதைத் தானாகவே கலைத்துவிடும் என்பது உண்மை. ஐ.ஆர்.எஸ். கணக்கில் அது உயிரோடுதான் இருக்கும். முறையாக மூட வேண்டுமென்றால் மாநிலத்தில் கலைப்பு விண்ணப்பம். மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு வங்கிக் கணக்கை மூடுவது. 'கடைசி ரிட்டர்ன்' என்று டிக் செய்த 1120-ஓடு கடைசி 5472. பிறகு கணக்கை மூடக் கோரி ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு ஒரு கடிதம். மூடும் செலவும், கடைசியாக எடுத்த பணமும்கூடத் தெரிவிக்க வேண்டியவைதான் என்பதால் இந்தக் கடைசிப் படிவத்தைத் தவிர்க்க முடியாது. இ.ஐ.என். வேறு யாருக்கும் மறுபடி தரப்படாது.

ஆண்டு நாட்காட்டி: ஒரே உரிமையாளர், வயோமிங் அல்லது டெலவேர் எல்.எல்.சி.

- ஜனவரி: முந்தைய ஆண்டின் வங்கி ஸ்டேட்மென்டுகளை இறக்கி, போட்டது, எடுத்தது, சொந்தக் கையிலிருந்து கட்டியது என்று பிரித்து எழுதுங்கள்.
- மார்ச்: 1120, 5472, இணைப்புத்தாள் மூன்றையும் தயாரித்து ஃபேக்ஸ் அனுப்புங்கள். கெடு நாள் வரை தள்ள வேண்டாம்.
- ஏப்ரல் 15: படிவத்துக்குக் கெடு, முடியாதவர்களுக்குப் படிவம் 7004. கம்பெனியின் பெயரில் அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கிக் கணக்குகளில் மொத்தம் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கைக்கும் இதே நாள். அதற்கு அக்டோபர் 15 வரை தானாகவே நீட்டிப்பு உண்டு.
- ஜூன் 1: டெலவேர் 300 டாலர்.
- ஜூலை முதல்: இந்திய ரிட்டர்ன், வெளிநாட்டுச் சொத்து அட்டவணை.
- அக்டோபர் 15: நீட்டிப்பு வாங்கியவர்களின் கெடு.
- டிசம்பர் 31: வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்கு ஆண்டறிக்கை.
- கம்பெனி தொடங்கிய மாதம்: வயோமிங் ஆண்டறிக்கை, ஏஜென்ட் சந்தா.

இந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு, இன்னும் கம்பெனி தொடங்காதவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மாநிலக் கட்டணம், ஏஜென்ட் சந்தா, ஃபேக்ஸ் சேவை, அமெரிக்கக் கணக்காளர், இங்கே ஆடிட்டர் என்று எல்லாவற்றையும் கூட்டுங்கள். ஆண்டுக்கு இரண்டாயிரம் மூவாயிரம் டாலர் வருமானத்துக்காக இத்தனையும் என்றால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இந்தியத் தனிநபர் தொழிலாகவே இருந்து வெளிநாட்டுப் பணம் வாங்குவது அவர்களுக்குப் போதும். எல்.எல்.சி. இல்லாமல் நடக்காத காரியம் ஒன்றாவது இருந்தால் மட்டும் தொடங்குங்கள். தொடங்கிய அன்றே அடுத்த ஏப்ரல் 15-ஐ நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.